நடுச்சுவரில் வாசல் இல்லை

நர்ஸ் படிப்பின் முதல் வருடப் பரீட்சையில் நான் தேறாமல் போனதற்குக் காரணம் இருதயத்தின் படம். அதை வரைந்து, ரத்தம் எந்த வழியாக உள்ளே வந்து எந்த வழியாக வெளியே போகிறது என்று விளக்கச் சொல்லியிருந்தார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு அறைகளைச் சரியாகவே வரைந்தேன். வலது பக்கத்து ரத்தம் இடது பக்கத்துக்கு எப்படிப் போகும் என்பது மட்டும் மறந்துவிட்டது. யோசித்துப் பார்த்து, நடுச்சுவரில் ஒரு ஓட்டை போட்டு அந்த வழியாகவே அனுப்பிவிட்டேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது அந்த ஓட்டையைச் சுற்றி நீலப் பென்சிலில் ஒரு வட்டம் இருந்தது. பக்கத்தில், எங்களுக்குப் பாடம் எடுத்த டாக்டரம்மா ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "நுரையீரல் எங்கே?"

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முந்தைய கதை இது. பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் பெண்களுக்கென்று இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் பயிற்சி நர்ஸ். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் ஆங்கிலோ இந்தியப் பெண்கள். வீட்டிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்கள். நான் காக்ஸ் டவுன் மாதா கோவில் பக்கத்துத் தமிழ்ப் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டுப் போனவள். வகுப்பில் டாக்டரம்மா சொல்வதை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்வேன். ஒரு வார்த்தை நழுவினால் அதற்குப் பின்னால் இருக்கிற பத்து வார்த்தையும் சேர்ந்து நழுவிவிடும். நுரையீரலும் அப்படித்தான் நழுவியது.

மறுபரீட்சை மூன்று மாதம் கழித்து. அதிலும் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனபோது அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அப்பா தையல்காரர், பட்டாளத்து உடுப்புகளுக்குத் துணி வெட்டிக் கொடுப்பார். காக்கி என்றால் அவர் கத்தரி வைத்ததில் ஒரு நூல் பிசகாது. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் அவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும்.

"எந்தக் கேள்வில போச்சு?" என்று கேட்டார்.

"ரத்த ஓட்டம்பா."

"அப்படின்னா என்னா? எனக்குச் சொல்லு."

"உங்களுக்கு எதுக்குப்பா அதெல்லாம்?"

"என் உடம்புலயும் அதானே ஓடுது? சொல்லேன், கேக்கறேன்."

வெட்டு மேசைமேல் கிடந்த காக்கித் துண்டொன்றை இழுத்துப் போட்டு, அவருடைய சாக்கட்டியாலேயே நான்கு அறையையும் வரைந்தேன். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் வலது மேலறைக்கு வருகிறது, அங்கிருந்து வலது கீழறைக்கு இறங்குகிறது என்று தமிழில் சொல்லத் தொடங்கினேன். அந்தப் பாடத்தை நான் தமிழில் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லச் சொல்லவே எது புரிந்திருக்கிறது, எது புரியவில்லை என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அந்த வித்தியாசம் தெரியவே இல்லை.

அப்பா சாக்குக் கோட்டின்மேல் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தார். நடுச்சுவரில் வந்து விரல் நின்றது.

"இந்தச் செவுத்துல வாசல் கெடையாதா?"

"கெடையாது."

"ஒரு ஊசி போற எடம்கூட இல்லையா?"

"இல்லப்பா. நல்ல இருதயத்துல இருக்கக் கூடாது."

"அப்புறம் இந்தப் பக்கத்து ரத்தம் அந்தப் பக்கம் எப்படித்தான் போகும்? தைச்சு மூடின பைக்குள்ள கைவிட்ட மாதிரி ஆயிடுச்சே."

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு அந்த ஞாயிறு முழுவதும் ஆயிற்று. புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழாக்கினேன். வாசல் இல்லாததால் ரத்தம் வெளியே போய்த்தான் ஆகவேண்டும். வலது கீழறை அதை நுரையீரலுக்குத் தள்ளுகிறது. அங்கே அது நாம் இழுக்கிற மூச்சில் கலந்து சிவக்கிறது. சிவந்தபின் இடது மேலறைக்கு வந்து, இடது கீழறைக்கு இறங்கி, அங்கிருந்து தலை முதல் கால் வரை போகிறது. மறுபடி வலது பக்கமே வந்து சேர்கிறது.

அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சாக்குக் கோட்டின்மேல் மறுபடி விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "அப்போ இது ஒரு சுத்து இல்ல. ரெண்டு சுத்து. நுரையீரலுக்குச் சின்னச் சுத்து, உடம்புக்குப் பெரிய சுத்து. ரெண்டும் இங்கதான் வந்து சேருது," என்று காக்கித் துணியைத் தட்டினார். எங்கள் புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதியிருந்ததை அவர் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டார். இடது கீழறையின் சுவர் மற்றதைவிட ஏன் தடிமன் என்றும் அவரே கண்டுபிடித்தார். பெரிய சுற்றுக்கு அனுப்புகிற இடம். அழுத்தம் தாங்க வேண்டாமா, முழங்கையில் நாங்கள் இரட்டைத் துணி வைக்கிற மாதிரி என்றார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்தையும் ஒரு நோட்டில் தமிழில் எழுதிக்கொண்டேன். தமனி, சிரை என்கிற சொற்கள் எல்லாம் எனக்கு அப்போது தெரியாது. போகிற குழாய், வருகிற குழாய் என்றே எழுதினேன். இரண்டுக்கும் நடுவே இருக்கிற, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குழாய்களுக்கு மயிர்க்குழாய் என்று நானாகப் பேர் வைத்தேன். மறுபரீட்சையில் தேறினேன். டாக்டரம்மா என் படத்தைப் பார்த்து, நுரையீரல் கிடைத்துவிட்டதா என்று சிரித்தார். அப்பா ஒரு மாதம் வரை, அளவெடுக்க வந்த ஒவ்வொரு சிப்பாயிடமும் ரெண்டு சுத்து கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நான் மூன்றாம் வருடம் படிக்கும்போது நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரு நாள் காலை, வெளி நோயாளிகள் வரிசை கலைகிற நேரத்தில் ஒரு ஜட்கா வேகமாக உள்ளே வந்து நின்றது. ஈஜிபுராவிலிருந்து வந்திருந்தார்கள். அது அப்போது வயல்களுக்கு நடுவே இருந்த சின்ன ஊர். பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்த பெண். விடியும்போது குழந்தை பிறந்துவிட்டது, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, ஆனால் தாய்க்கு ரத்தம் நிற்கவில்லை. அவளுடைய அம்மா குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். புருஷன் அந்தப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். முப்பது வயதிருக்கும், நல்ல உயரம். சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். ஊருக்குக் குடிதண்ணீர் ஏற்றி அனுப்புகிற பம்ப் ஹவுஸில் ஃபிட்டர் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

டாக்டரம்மா ரத்தத்தை நிறுத்திவிட்டார். அதற்கே வெகு நேரம் ஆயிற்று. ஆனால் நின்றபோது அந்தப் பெண்ணின் உடம்பில் மிச்சம் இருந்தது கொஞ்சம்தான். உதடு வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. என்னை நாடி பார்க்கச் சொன்னார். மணிக்கட்டில் விரல் வைத்தேன். எண்ண முடியாத வேகத்தில் ஒரு நூல் துடிக்கிற மாதிரி இருந்தது. சில சமயம் அந்த நூலும் விரலுக்குக் கிடைக்கவில்லை.

"ரத்தம் ஏற்ற வேண்டும்," என்றார் டாக்டரம்மா. எங்கள் ஆஸ்பத்திரியில் அதுவரை ஓரிரு தடவைதான் செய்திருந்தார்கள். பாட்டிலில் சேர்த்து வைக்கிற வசதி எல்லாம் அப்போது கிடையாது. ஒருவர் பக்கத்தில் படுத்துக் கை நீட்ட வேண்டும், எடுத்த சூட்டோடு மற்றவருக்கு ஏற்ற வேண்டும். முதலில் இருவர் ரத்தமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஃபிட்டரின் விரலிலும் அவருடைய மாமியாரின் விரலிலும் ஒவ்வொரு சொட்டு எடுத்து, கண்ணாடிச் சில்லில் அந்தப் பெண்ணின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரோடு கலந்து பார்த்தார்கள். மாமியாருடையது திரிந்த பால் மாதிரி குறுணை குறுணையாகிவிட்டது. ஃபிட்டருடையது அப்படியே ஒரே சீராக நின்றது.

டாக்டரம்மா வெளிநாட்டுக்காரர். கன்னடம் கொஞ்சம் பேசுவார், தமிழ் வராது. என் பக்கம் திரும்பி, "நீ போய் அவரிடம் பேசு. நான் மற்றதைத் தயார் செய்கிறேன். அதிக நேரம் இல்லை," என்றார்.

தாழ்வாரத்தில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள் மாமியார் எழுந்துவிட்டாள்.

"அய்யோ, அதெல்லாம் பேடம்மா, வேணாம்! இவரு ரத்தத்தையும் எடுத்துட்டா? என் மவளும் போயி, மருமவனும் போயிட்டா இந்தப் பச்சப் புள்ளய யாரு பார்ப்பா?"

ஃபிட்டர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். "நர்சம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. அவளுக்காக நான் எது வேணாலும் செய்வேன். ஆனா ஒரு சொட்டு ரத்தம் ஊறணும்னா எத்தனையோ நாள் சாப்பாடு வேணும்பாங்க. ரத்தம் போன ஆம்பள அப்புறம் வேலைக்கு ஆக மாட்டான்னு எங்க தாத்தா காலத்துலேருந்து சொல்றாங்க. நான் வேலைக்குப் போகலன்னா இவங்க எல்லாரும் தெருவுலதான் நிக்கணும். எங்கிட்ட எவ்ளோ இருக்குன்னு எனக்கு என்னா தெரியும்?"

அவர் கோழையில்லை, எனக்குத் தெரிந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. யாரும் அவருக்கு அதுவரை பதில் சொன்னதில்லை, அவ்வளவுதான். நான் அவருக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். சீருடையோடு தரையில் உட்கார எங்களுக்கு அனுமதி இல்லை.

"அண்ணா, ரத்தம் உடம்புல ஒரு எடத்துல தேங்கி நிக்கிறது இல்ல. சுத்திக்கிட்டே இருக்கு. நடுவுல இருதயம்னு ஒரு பம்ப் இருக்கு," என்றேன்.

பம்ப் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"பம்பா? எந்த மாதிரி பம்ப்?"

நான்கு அறை, இரண்டு சுற்று என்று காக்கித் துணியில் சொன்னதை அங்கே சிமெண்டுத் தரையில் விரலால் கோடு போட்டுச் சொன்னேன். ஒவ்வொரு அறை வாசலிலும் மெல்லிய கதவு இருக்கிறது. ரத்தம் முன்னால் போகும்போது திறக்கும், பின்னால் வரப் பார்த்தால் மூடிக்கொள்ளும் என்றேன்.

"செக் வால்வு," என்றார் உடனே. "எங்ககிட்டயும் இருக்கு. அது இல்லன்னா மேல ஏத்தின தண்ணியெல்லாம் எறங்கி வந்து பம்பையே ஒடச்சிடும்." பிறகு சந்தேகத்தோடு கேட்டார்: "ஆனா நாங்க அனுப்புற தண்ணி வீட்டுக் கொழாயில எறங்கி சாக்கடைக்குப் போயிடுது நர்சம்மா. திரும்பி வர்றதில்ல. இது எப்படித் திரும்பி வருது?"

"போற குழாய் பிரிஞ்சு பிரிஞ்சு மயிரவிட மெலிசா ஆயிடுது. அங்க உடம்புக்கு வேண்டியதக் கொடுத்துட்டு, அதே மெல்லிசுக் குழாய் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து, வர்ற குழாயா ஆயிடுது. ஒரு சொட்டுகூட வீணாப் போறதில்ல. உங்ககிட்ட நாங்க எடுக்கப் போறது ஒரு சின்ன பாட்டில் அளவு. அதுல இருக்கிற தண்ணிப் பங்கு ரெண்டு நாள்ல நிரம்பிடும், நெறையக் குடிச்சாப் போதும். சிவப்புப் பங்கு ஊறச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் மிச்சம் இருக்கிறதே சுத்தி வந்து வேலையப் பார்த்துக்கும்."

அவர் திறந்திருந்த கதவு வழியாக உள்ளே பார்த்தார். "அவ நாடி எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"ரொம்ப வேகமா இருக்கு. ஆனா பலம் இல்ல."

"அப்போ பம்ப் நல்லாத்தான் இருக்கு. தண்ணிதான் இல்ல. காத்த இழுத்துக்கிட்டு வெறுமனே ஓடுது." அவர் எழுந்து நின்றார். "அப்படி ஓட விட்டா எரிஞ்சு போயிடும் நர்சம்மா. நான் பார்த்திருக்கேன். எந்தக் கை வேணும்?"

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டே உள்ளே போனார். மாமியார் தடுக்க வந்தாள். "சும்மா இருங்கத்தே, திரும்ப ஊறிடும்," என்று மட்டும் சொன்னார். எனக்கு மூன்று வருடமாகப் பிடிபடாத ஒன்றை, பலமற்ற வேகமான நாடி எதைச் சொல்கிறது என்பதை, அவர் கதவுக்கு வெளியே நின்றபடியே சொல்லிவிட்டார்.

இரண்டு கட்டில்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டோம். அவருடைய முழங்கை மடிப்பில் ஊசி இறங்கியது. ரப்பர் குழாய் வழியாக ரத்தம் கண்ணாடிக் குடுவையில் விழுந்தது. அது உறையாமலிருக்கக் குடுவையில் முன்னதாகவே ஒரு மருந்துக் கரைசல் ஊற்றியிருந்தார்கள். இரண்டும் கலக்கும்படி குடுவையை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேகமாகக் குலுக்கவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அது என் வேலை. குடுவை கைக்குள் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் தலையைத் திருப்பி அதைப் பார்த்தார். பயந்துவிட்டார். "என்னாங்க இது, இவ்ளோ கருப்பா இருக்கு? எனக்கு ஏதாவது சீக்கா?"

"இல்லண்ணா. வர்ற குழாய்லேருந்து எடுக்கிறோம். இது இன்னும் நுரையீரலுக்குப் போகல. அவங்க உடம்புக்குள்ள போயி, அவங்க மூச்சுலதான் சிவக்கப் போவுது."

டாக்டரம்மாவுக்கு அந்த வார்த்தைகள் புரிந்திருக்காது. ஆனாலும் ஒரு கணம் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

பிறகு குடுவையை உயரமாக மாட்டி அந்தப் பெண்ணின் கைக்கு ஏற்றத் தொடங்கினோம். நான் நாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் மாறவில்லை. குடுவையில் கால் பங்கு இறங்கிய பிறகு நூல் நழுவுவது நின்றது. பாதி இறங்கியபோது ஒவ்வொரு துடிப்பையும் தனித்தனியாக எண்ண முடிந்தது. கடைசிப் பகுதி இறங்கும்போது, என் விரலுக்கடியில் அந்தக் குழாய் நிறைவதை நான் உணர்ந்தேன். ஒவ்வொரு தள்ளலுக்கும் எழும்பி எழும்பி அடங்கியது. இரண்டு வருடம் முன்னால் நடுச்சுவரில் ஓட்டை போட்டு அனுப்பிய அதே ரத்தம், சரியான வழியில், என் விரலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ நாடிகளைப் பிடித்திருக்கிறேன். அந்த நாடியைப் பிடித்திருந்தபோது வந்த கர்வம் வேறு எப்போதும் வந்ததில்லை.

அந்தப் பெண்ணின் உதட்டில் லேசாக நிறம் திரும்பியது. கண் திறந்து, பக்கத்துக் கட்டிலில் புருஷன் படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இவருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டாள்.

எல்லோரும் சிரித்துவிட்டோம். மாமியார் மட்டும் அழுதாள். அழுதுகொண்டே குழந்தையை மகளின் பக்கத்தில் கிடத்திவிட்டு, மருமகனுக்குக் குடிக்க ஏதாவது கிடைக்குமா என்று என்னிடம் கேட்டாள். பாலும் சர்க்கரையும் கலந்து ஒரு பெரிய டம்ளர் கொண்டுவந்து கொடுத்தேன். அவள் பக்கத்தில் நின்று கடைசிச் சொட்டு வரை குடிக்க வைத்தாள்.

அன்று மாலை டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். தரையில் உட்கார்ந்ததற்குத் திட்டப்போகிறார் என்று போனேன். "அந்த மனிதரிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னேன், திக்கித் திக்கி. எந்தப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்றார். புத்தகத்தில் இல்லை, நானே தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன் என்றேன். நோட்டைக் கொண்டுவரச் சொல்லி, படிக்கத் தெரியாத எழுத்துகளை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தார். படங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அடுத்த மாதத்திலிருந்து, புதிதாகச் சேருகிற தமிழ்ப் பெண்களுக்கும் வார்டு ஆயாக்களுக்கும் வாரம் ஒரு வகுப்பு நான் எடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நான் தமிழில் எடுத்தேன். அந்த வகுப்பில் படித்த யாரும் நுரையீரலை மறந்ததில்லை. இதை நான் தற்பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஃபிட்டர் ஐந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். மனைவி மூன்று வாரத்தில் நடந்தே வெளியே போனாள். அதோடு அவர்களை மறந்திருப்பேன். ஆனால் சில மாதம் கழித்து ஒரு நாள் அவர் சைக்கிளில் தனியாக வந்தார். ஆஸ்பத்திரி வாசலில் தயங்கி நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"நர்சம்மா, என்னுது மறுபடி ஊறியிருக்குமா?"

"ஊறியிருக்கும். ஏன் அண்ணா?"

"வேற யாருக்காவது வேணும்னா சொல்லி அனுப்புங்க. சும்மா சுத்திக்கிட்டுத்தானே இருக்கு."

அப்படி ஒருவர் தானாக வந்து கேட்பதை டாக்டரம்மாவே அதுவரை பார்த்ததில்லை. அவருடைய பெயரையும் விலாசத்தையும் ஒரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். இரண்டாவது பெயர் என்னுடையது. அடுத்த முறை அவர் வரும்போது பம்ப் ஹவுஸிலிருந்து நான்கு பேரைக் கூட்டிவந்தார். அதில் ஒருவர் ஆனேக்கல் பக்கத்துத் தமிழர், ஒருவர் தெலுங்குக்காரர், இரண்டு பேர் கன்னடக்காரர்கள். விரலில் குத்தி எடுத்து ஒவ்வொருவர் ரத்தம் எந்த வகை என்று பெயருக்குப் பக்கத்தில் குறித்து வைத்தோம். பிறகு யுத்தம் வந்து, ஊரெல்லாம் ரத்தம் கொடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டியபோது எங்கள் புத்தகத்தில் பக்கங்கள் நிறைந்திருந்தன.

ஒரு நாள் பிற்பகல் அவசரமாக ரத்தம் தேவைப்பட்டது. ஆள் அனுப்பியிருந்தோம். நான் கருவிகளைக் கொதிக்க வைத்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு வந்தபோது, ஃபிட்டர் புதிதாகக் கூட்டிவந்த ஓர் இளம் தொழிலாளியைப் பெஞ்சில் உட்காரவைத்துப் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆள் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஃபிட்டர் கன்னடத்தில், "ஹெதரபேடா, ஹோதது வாபஸ் பருத்தே," என்றார். பயப்படாதே, போனது திரும்பி வரும் என்று. பிறகு தரையில் குந்தி, விரலால் நான்கு அறை வரைந்து, வால்வு எங்கே, நுரையீரல் எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றையும் விடவில்லை. நான் குறுக்கே பேசாமல், கதவருகில் நின்று முழுப் பாடத்தையும் கேட்டேன். முடித்ததும் அந்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார். நான் வழிவிட்டு, ஊசியை எடுக்க உள்ளே போனேன்.